கள்ளக்குரலுக்கு ஒரு ஜப்பான் பாட்டு

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிறு, அஸர் தொழுத பின்.

கலகெதரையில் ஹாட்வெயார் கடை நடத்தும் என் தம்பி ரஸீனுக்கு, நானா றவூப் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டாரும் உன் கடையும் அல்லாஹ்வின் காவலில் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன், அதை நீ நம்ப வேண்டியதில்லை. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் நான் உனக்கு எழுதிய எதுவும் உன்னோடு நின்றதில்லை. தேநீர் ஆறும் முன் குடும்பக் குழுவில் கிடக்கும், அதற்குக் கீழே கொழும்பு மாமிமார் வரிசையாகக் கை ஏந்தும் படம் போடுவார்கள். தாளைப் படம் பிடித்துப் போடுவதற்குக் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். உன் சோம்பலில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பாய். எனக்குக் குரல் இல்லை என்பதை நீயே மாத்தளை வரைக்கும் அறிவித்திருக்கிறாய், பிறகு ஏன் கேட்கிறாய்.

விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்த மாதம் என் மகள் றிப்தாவின் நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகள் றிப்தாவை உமக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று சொல்லப் போவது நான். நீ அல்ல. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் இத்தனை மாதமாக, இந்த வயதில், குளியலறைக்குள் நின்று ஜப்பான் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறேன். உன் காதுக்கு எட்டிய மற்ற எல்லாம் பொய், அதில் பாதி நீ கிளப்பியது.

தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீ எந்தக் கதையையும் நடுவிலிருந்து கேட்டு, முடிவை நீயே சொல்லி, எழுந்து போய்விடுகிறவன். என் கழுத்திலிருந்த தைரொய்ட் கட்டியை எடுத்தார்கள் அல்லவா, அப்போது குரலுக்குப் போகும் நரம்பிலும் கத்தி பட்டுவிட்டது. பட்டது என்று ஒருவர் சொன்னார், படவில்லை வீங்கியிருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார், இது சகஜம் என்று மூன்றாமவர் சொன்னார். மன்னிக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொண்டைக்குள் குரல் எழுப்ப இரண்டு இதழ்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று அசையாமல் படுத்துவிட்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. அன்றைக்கு நீ திராட்சைக் குலையோடு வார்டுக்குள் வந்தாய், என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்க வந்திருந்தவர்களின் பக்கம் திரும்பி நின்று, "நானாக்கு இனி பேச ஏலா. எதண்டாலும் என்னிட்ட கேளுங்க" என்றாய். அதுவரை அவர்களில் யாரும் எதுவும் கேட்க நினைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் உன்னிடம்தான் கேட்டார்கள். தேநீர் கொண்டு வந்தவள்கூட, எனக்கு என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்டாள். "பிளேன் டீ குடுங்க" என்றாய். நான் கோப்பி குடிக்கிறவன், ரஸீன். ஐம்பத்தாறு வருடமாகக் கோப்பி குடிக்கிறேன்.

அதோடு நிறுத்தினாயா. நான் கழுத்தில் தையலோடு படுத்திருக்க, நீ தெல்தெனியவில் மாப்பிள்ளை வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து திகதி பேசினாய், மண்டபம் பேசினாய், சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சவனுக்கு என்ன கறி என்பதும் பேசினாய். எல்லாம் பேசி முடித்து எழும்பும்போது, "நிக்காஹ்ல நானாக்குப் பதிலா நானே சொல்லிர்ற, ஒங்களுக்கு ஒரு கஷ்டமும் வராது" என்று சொல்லிவிட்டு வந்தாய். தகப்பன் வேறொருவருக்குப் பொறுப்புக் கொடுக்கலாம், அவர் சொல்லலாம், மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் பொறுப்பை நான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் எடுத்துக்கொள்வதற்கு வேறு பெயர் இருக்கிறது, நல்ல நாள் வருவதால் அதை எழுதாமல் விடுகிறேன்.

வாப்பாவின் ஜனாஸாவைப் பற்றியும் எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். நான் ஜப்பானில் இருந்தேன், உடலை வைத்துக்கொண்டிருக்க முடியாது, அன்றைக்கே அடக்கினீர்கள், அது சரி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தொழுகைக்கு முன் மையத்தின் தலைமாட்டில் நின்று, எங்கள் வாப்பா யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சபையிடம் கேட்பது மூத்தவனின் வேலை. நீ எழும்பி, "நானா சொல்லச் சொன்னாரு" என்று தொடங்கிச் சொன்னாயாம். நான் உன்னிடம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அந்த நேரம் நான் வேலை உடுப்போடு ஒரு பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தேன், நீ போனை எடுக்கவில்லை. நல்லாப் பேசினாய் என்று ஊர் சொன்னது. அன்றைக்கு விட்டேன், இந்தத் தரம் விட மாட்டேன்.

ஆகவே குரலைத் திருப்பி எடுக்க ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிள்ளையிடம் போனேன். சஞ்சீவனி என்று பெயர், பன்வில பக்கத்துப் பிள்ளை, றிப்தாவைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். என் தொண்டைக்குள் குழாய் விட்டுத் திரையில் பார்த்துவிட்டு, "சார், நீங்க கோவமா பேசப் பாக்குறீங்க. கோவத்துல அமுக்குனா வராது" என்றாள். நான் கோபப்படவில்லை என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவள் எழுத்தின் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றாள். பிறகு சொன்னாள், "நல்லா இருக்கிற இதழ இழுத்துவிட்டு மத்ததோட ஒட்ட வைக்கணும். அதுக்கு மேல போகணும் சார். கள்ளக்குரல்ல மெல்லிசா ஊன்னு பாடுங்க. அங்க சத்தம் புடிபட்டா, படி எறங்குற மாதிரி கீழ கொண்டு வரலாம்." கள்ளக்குரல் என்றால் என்ன என்று எழுதிக் கேட்டேன். "பொம்பள மாதிரிங்க சார்" என்றாள், கொஞ்சமும் சிரிக்காமல். பாட்டு ஏதும் தெரியுமா என்று கேட்டாள். தமிழ்ப் பாட்டு என்றால் நம் ஒழுங்கையில் கோழிக்குக்கூடச் சொல் விளங்கும், ஒரு தகப்பன் பெண் குரலில் காதல் பாட்டுப் படிக்கிறான் என்று பள்ளிவாசல் வரைக்கும் போகும். எனவே ஜப்பான் என்று எழுதினேன். "அப்ப அதையே பாடுங்க சார். யாருக்கும் வெளங்காது, உங்களுக்கும் வெக்கமா இருக்காது" என்றாள். அந்தப் பிள்ளை சொன்னதில் பிழையாய்ப் போனது இது ஒன்றுதான்.

எனக்கு எப்படி ஜப்பான் பாட்டுத் தெரியும் என்று நீ ஊரில் வியப்பாகக் கேட்டுத் திரிகிறாயாம். பேராதனையில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவன், இங்கே ஒருவருக்கும் தேவைப்படாமல், ஒன்பது வருடம் அங்கே கார்க் கதவுகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மேற்பார்வையாளர் எங்களைக் கரோக்கே அறைக்குக் கூட்டிப் போவார். அவர்கள் குடிப்பார்கள், நான் பால் இல்லாத குளிர்ந்த தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் மைக் சுற்றி வரும், வந்தால் மறுக்க முடியாது, மறுத்தால் திங்கட்கிழமை முழுக்க முகம் தூக்கிக்கொண்டிருப்பார். அப்படிப் படித்தவைதான். அந்த மொழியை வைத்துத்தான் திரும்பி வந்து வகுப்பு நடத்தினேன், எத்தனை பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பினேன், குரல் போன மாதமே என்னிடம் படித்த ஒருவன் என் வகுப்புக்கு எதிர்ப்பக்கம் பலகை மாட்டினான். அவனைப் பற்றித் தனிக் கடிதம் எழுத வேண்டும்.

ஜப்பான் பாட்டு என்றால் கையில் கிடைத்ததை எடுத்துப் பாடலாம் என்று நினைக்காதே. உன் கடையில் ஆணிக்கே எத்தனை வகை வைத்திருக்கிறாய், சீமெந்துச் சுவருக்குப் பலகை ஆணியைக் கொடுப்பாயா. முதலில் அங்கே வயதானவர்கள் பாடும் சோகப் பாட்டுகளை எடுத்தேன். என்கா என்று சொல்வார்கள். துறைமுகம், பனி, வராத கப்பல், காத்திருக்கும் ஒரு பெண். எனக்கும் சொல்லிக்கொள்ளத் துக்கம் இருப்பதால் பொருந்தும் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பாட்டெல்லாம் அடிவயிற்று முனகலில் தொடங்கும், முனகலை எழுப்பி எழுப்பித்தான் மேலே கொண்டு போக வேண்டும். என் தொண்டையின் கீழ்த்தட்டில் ஒன்றும் இல்லை, தண்ணீர் வராத நாளில் குழாயைத் திறந்தது போல் காற்று சீறும். போதாததற்கு ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரலை ஒரு உதறு உதற வேண்டும், அதுதான் அந்தப் பாட்டுக்கு அழகு. நான் உதறினேன், இருமல் வந்தது, உன் மதினி கைரியா தண்ணீர் கொண்டு ஓடி வந்தாள். என்காவை விட்டேன்.

அடுத்ததாக, நான் அங்கே இருந்த காலத்து இளம் பையன்களின் பாட்டு. தலைமயிரைக் கண்ணுக்கு மேல் விட்டுக்கொண்டு, பாட்டின் முதல் பாதியைச் சாதாரணக் குரலில் கதை சொல்வது போல் பாடி, நடுப்பாட்டு வந்ததும் ஒரே சொல்லுக்குள் கள்ளக்குரலுக்குத் தாவி, அதே சொல்லுக்குள் திரும்பி இறங்கிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். கடுகண்ணாவ ஏற்றத்தில் நல்ல டிரைவர் கியர் மாற்றுவது நமக்குத் தெரியாது பார், அப்படி. நான் மாற்றினால் பஸ் நின்றுவிடுகிறது. ஒரு தரம் மாற்றி எழுந்த சத்தத்துக்கு, தண்ணீர்த் தாங்கிக்கு மேல் இருந்த குரங்குகள் எழும்பிப் போய்ப் பக்கத்து வீட்டுக் கூரையில் உட்கார்ந்தன. பிறகு சிறுபிள்ளைப் பாட்டு ஒன்றை எடுத்தேன், மழைக்குக் குடை விரிக்கும் ஒரு முயலைப் பற்றியது. அது வந்தது. ஆனால் மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கும் மனிதன் முயலைப் பற்றி எத்தனை நாள் பாடுவான்.

ஆகவே பெண்கள் பாட்டு, அவர்களுடைய சுருதியிலேயே. இதில் தாவல் இல்லை, தொடக்கம் முதல் முடிவு வரை மேலேயே இருக்கலாம். ஆனால் இதிலும் கண்ணை மூடி எடுக்க முடியாது. கள்ளக்குரலுக்கு ஊ, ஓ என்ற ஒலிகளில் தொண்டை திறக்கும், ஈ, ஏ என்றால் மூடிக்கொள்ளும். எனவே பாட்டுகளின் வரிகளை எழுதி வைத்துக்கொண்டு, எந்தெந்த இடத்தில் இழுக்கிறார்கள், எந்த ஒலியில் இழுக்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டில் காதலன் விட்டுப் போனதை ஈ ஈ என்று இழுத்திருக்கிறார்கள். இன்னொன்றில் அதே மாதிரிக் காதலன் ஊ என்றும் ஓ என்றும் போகிறான். எனக்கு ஏற்றவன் இரண்டாமவன். மூச்சு விட இடைவெளி இருக்கிறதா, ஏறுவதும் இறங்குவதும் படிப்படியாக இருக்கிறதா, கடைசியில் சுருதியைத் திடீரென்று தூக்குகிறார்களா என்பதையும் பார்த்தேன். பலதில் தூக்குகிறார்கள். ஒரே வரியைப் போதுமளவு பாடியாகிவிட்டது, இனிக் கேட்பவனை எப்படியாவது அழவைக்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் வேலை அது. கடைசியில் ஒன்று கிடைத்தது. வடக்கே குளிரான ஒரு சிறு ஊரின் ரயிலடியில் ஒரு பெண் யாரையோ வழியனுப்புகிறாள், போகிறவன் யார் என்று பாட்டு முழுக்கச் சொல்வதில்லை, கையைக்கூட அசைப்பதில்லை. வரிக்கு வரி ஊ, ஓ. அதைப் பிடித்துக்கொண்டேன். போனில் உள்ள கரோக்கே செயலி, பாட்டு முடிந்ததும் புள்ளி போடும், கீழே ஒரு வரி புத்தியும் சொல்லும். "சுருதி நன்று. உணர்ச்சி போதாது. அடுத்த முறை மனதிலுள்ள ஒருவரை நினைத்துப் பாடுங்கள்" என்று வந்தது. உன்னை நினைத்துப் பாடினேன். புள்ளி ஏறியது.

எங்கே பாடுவது என்பதில்தான் வினை வந்தது. அறையில் பாடினால் குரல் கம்பளிக்குள் போய்விடுகிறது. குளியலறையில் டைல்ஸ் பட்டுத் திரும்பி வருகிறது, என் குரலே எனக்குப் பரவாயில்லை போல் கேட்கிறது. கைரியா தெல்தெனியவில் தன் உடன்பிறந்த மூத்த தாத்தா வீட்டுக்கு, கலியாணச் சட்டை தைக்கக் கொடுக்கப் போயிருந்தாள், றிப்தாவும் கூடப் போயிருந்தாள். பகல் நேரம், வீட்டில் ஒருவரும் இல்லை, நான் கதவைச் சாத்திக்கொண்டு மனம் விட்டுப் பாடினேன். அன்றைக்குத்தான் குரல் முதல் தரமாக உடையாமல் முழுப் பாட்டும் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பஸ்லினா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்ன செய்திருக்க வேண்டும், கதவைத் தட்டி என்னைக் கேட்டிருக்க வேண்டும். கைரியாவுக்குப் போன் எடுத்தாள். கைரியா போனை ஸ்பீக்கரில் போட்டாள், ஏனென்றால் அவள் கையில் அளவு நாடா இருந்தது, சுற்றி, சட்டைக்கு அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். "கைரியா தாத்தா, ஒங்கட ஊட்டு பாத்ரூம்ல ஒரு பொம்புள பாட்டுப் படிக்கிறா. தமிழுமில்ல, சிங்களமுமில்ல. றவூப் நானாவ வெளிய காணல்ல" என்று பஸ்லினாவின் குரல் அந்த அறை முழுக்க வந்ததாம். மாப்பிள்ளையின் பெரியம்மா கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "அவரு ஜப்பான்ல ஈந்தவரு தானே" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாளாம்.

கைரியா பஸ் ஏறி வந்தாள். அலுமாரியைத் திறந்தாள், கட்டிலுக்குக் கீழே பார்த்தாள், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள், அரிசி வாளியின் மூடியைக்கூடத் தூக்கினாள், அதற்குள் எந்த அளவுப் பெண்ணை எதிர்பார்த்தாள் என்று தெரியவில்லை. நான் அவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போய், போனில் இசையைப் போட்டு, இரண்டு வரி பாடிக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்தாள். "பொம்புளயா ஈந்தா பரவாயில்ல, ஊருக்குச் சொல்லிக்கிட்டு ஈக்கேலும். பாடினது நீங்கண்டா நான் எப்பிடி வெளிய சொல்ற" என்றாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். எனக்கு ஜப்பானில் ஒரு குடும்பம் இருப்பது அவளுக்கு இதைவிட இலேசாக இருந்திருக்கிறது.

இங்கேதான் நீ வருகிறாய். மாப்பிள்ளையின் தகப்பன் பஹ்மி ஹாஜியார் பெரிய மனிதர், கதையைக் கேட்டதும் என்னிடம் வரவில்லை, எனக்குப் பேச ஏலாது என்பதால் உனக்குப் போன் எடுத்தார். ஒரு வரியில் முடித்திருக்கலாம். எங்கட நானா அப்பிடிப்பட்ட ஆளில்ல என்று சொல்லியிருந்தால் போதும். நீ என்ன சொன்னாய் என்று அவரே எனக்குச் சொன்னார். "நானா ஒம்பது வருஷம் அங்க ஈந்தாரு ஹாஜியார். நாங்க கூடப் போய்ப் பாக்கல்ல தானே." ரஸீன், என் சார்பில் பேசாதே என்று நான் உனக்கு எத்தனையோ தரம் சொல்ல நினைத்ததுண்டு. நீ பேசியே ஆகவேண்டிய ஒரே ஒரு நாளில் இப்படிப் பேசினாய். அந்தக் கிழமை முழுக்க றிப்தா சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை பஹீம் போன் எடுக்கவில்லை என்பதை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவள் போன் அடிக்காமல் மேசையில் கிடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கைரியா இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தாள், அவர் தொடவில்லை. பெண் கொடுக்கும் வீட்டில் ஒருவர் வட்டிலப்பத்தைத் தொடாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். நான் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மற்றவரிடம் கொடுத்தார், அவர் வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுத்தை நம்பவில்லை என்பது தெரிந்தது. வேறு வழியில்லாமல், சோபாவுக்கு முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்த ரயிலடிப் பாட்டை முழுக்கப் பாடினேன். மேற்பார்வையாளரின் முன் நின்றதைவிட மோசமாக இருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் என் மகள் நிற்கிறாள், அவளுடைய கலியாணம் என் தொண்டையில் இருக்கிறது, குரல் உடைந்தால் குளியலறையில் பாடியது நான் இல்லை என்றாகிவிடும், உடையாவிட்டால் நான் இப்படிப்பட்ட ஆள் என்றாகிவிடும். உடையவில்லை. முடிந்ததும் ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "பாண் ஆட்டோ மியூசிக் போட்டுக்கிட்டு வார மாதிரி ஈக்கி" என்றார். கூட வந்தவர், "இல்ல, அத விடக் கொஞ்சம் சோகமா ஈக்கி" என்றார். ஹாஜியார் வட்டிலப்பத்தை எடுத்தார். கலியாணம் நின்றது, நிற்பாட்டப்படவில்லை என்ற அர்த்தத்தில் எழுதுகிறேன். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "ரெண்டாம் குடும்பம் இல்லண்டு வெளங்கிச்சு. ஆனா சம்மந்தி, நிக்காஹ்வயும் இந்தக் குரல்லயா சொல்லப் போற? ரஸீன் சொல்றண்டுதானே பேச்சு?"

என் குரல் கீழே இறங்கவில்லை என்பதை இப்போது உனக்கும் ஒத்துக்கொள்கிறேன். மேலே பிடிபட்டது மேலேயே இருக்கிறது. சஞ்சீவனி இன்னும் ஆறு மாதம் வேண்டும் என்கிறாள், நிக்காஹ் அடுத்த மாதம். மௌலவியிடம் போய்க் கேட்டேன். குரல் ஆண் குரலா, பெண் குரலா என்பது மார்க்கத்தில் இல்லை, தகப்பன் சொல்வதை இரண்டு சாட்சிகளும் தங்கள் காதால் தெளிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். மைக்கில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தோம். என் மூச்சு மைக்குக்குள் போய், காஸ் சிலிண்டர் ஒழுகுவது போல் வெளியே வந்தது, ஹவுள் தொட்டியில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்த ஒருவர் எழும்பிப் பார்த்தார். பிறகு கள்ளக்குரலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு எண்ணும் மணி மாதிரிக் கேட்டது. வுழூ செய்துகொண்டிருந்தவர் இந்தத் தரம் உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கட்டும். மண்டபம் முழுக்கச் சிரிக்கட்டும். தகப்பன் நான், குரல் என்னுடையது, அதை எந்த மொழிக்காரன் எந்தப் பெயர் சொல்லி அழைத்தாலும் என் நெஞ்சிலிருந்து வரும் காற்றுத்தான் அதை எழுப்புகிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிக்காஹ் நேரம் மேடைப் பக்கம் வராதே. கடைசிச் சவனில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார். யாராவது உன்னிடம் ஏதும் கேட்டால், நானாவிடம் கேளுங்கள் என்று சொல். நான் பேசும்போது தொண்டையைச் செருமாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. முடிந்தால் வராமலே இரு, கடையில் கணக்கெடுப்பு என்று நானே எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன், உன் சார்பில் நான் ஒரு தரம் பேசிப் பார்க்கிறேன்.

உன் பிள்ளைகளுக்கு என் துஆ. உன் மனைவிக்கு ஸலாம் சொல், அவள்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, அவள் படும் பாடு எனக்குத் தெரியும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த பேச்சையும் தருவானாக. வஸ்ஸலாம்.

உன் நானா,
றவூப்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அந்த வசனத்தை ஒரு தரம் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இத்தனை நாளும் பாட்டைத்தான் பழகினேன், வசனத்தைப் பழகவில்லை, அது தானாக வரும் என்று இருந்துவிட்டேன். றிப்தாவை எதிரே கதிரையில் உட்காரவைத்தேன். மாப்பிள்ளை என்று நினைத்துக்கொள் என்று எழுதிக் காட்டினேன், அவள் கையை நீட்டினாள். "என் மகள்" என்பது வரைக்கும் கள்ளக்குரல் வந்தது. அவள் பெயரைச் சொல்லப் போனேன், தொண்டை மூடிக்கொண்டது. திரும்பச் சொன்னேன், அதே இடத்தில் மூடியது. ஜப்பான் பாட்டில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை, அதில் எனக்குச் சொந்தமான ஆள் ஒருவரும் இல்லை. கடைசியில் குரலை விட்டுவிட்டு வெறும் மூச்சில், மெதுவாக, முழு வசனத்தையும் சொன்னேன். அடுப்படி வாசலில் நின்ற கைரியாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. றிப்தா என் கையை விடாமல், "எனக்குக் கேட்டிச்சு வாப்பா, எல்லாம் கேட்டிச்சு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சாட்சியா ஈக்கேலா தானே. சாச்சாவக் கூப்பிடுங்க. அவரு வாய மூடிக்கிட்டு காதக் கிட்ட வெச்சா அவருக்கும் கேக்கும்" என்றாள். மாப்பிள்ளை பக்கச் சாட்சி யார் என்று பஹீமுக்குப் போன் எடுத்துக் கேட்டாள், அவன் உடனே எடுத்தான். அவனுடைய பெரிய மாமாவாம், அவரும் பக்கத்தில் வந்து உட்காருவாராம்.

எனவே மேலே எழுதியதை விட்டுவிடு. நீ வர வேண்டும். கடைசிச் சவன் வேண்டாம், மேடைக்கு வா, என் இடது பக்கத்தில் முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார், மைக்கை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறேன். காதை என் வாயருகே கொண்டு வா. நான் சொல்லி முடித்ததும் மௌலவி உன் முகத்தைப் பார்ப்பார். கேட்டால் மட்டும் கேட்டது என்று சொல். கேட்காவிட்டால் இன்னொரு தரம் சொல்லச் சொல், சொல்கிறேன்.